தாத்தாவின் பெட்டியில் வெள்ளிப் பதக்கம்: இம்பீரியல் சர்வீஸ் மெடலை அடையாளம் காண ஒரு வழிகாட்டி

பழைய டிரங்குப் பெட்டியைக் காலி செய்யும்போது ஒரு பதக்கம் கிடைக்கிறது. கறுத்துப்போன வெள்ளி, ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் ஆடையில்லாமல் உட்கார்ந்து இளைப்பாறும் ஓர் ஆள், அவருக்குக் கீழே ஆங்கிலத்தில் 'ஃபார் ஃபெயித்ஃபுல் சர்வீஸ்', அதாவது 'விசுவாசமான சேவைக்கு'. வீட்டில் யாராவது ஒருவர் உடனே "தாத்தா பட்டாளத்துல இருந்திருப்பாரு" என்று சொல்லிவிடுவார். அடுத்த தலைமுறைக்கு அதுவே குடும்ப வரலாறாகிவிடும். ஆனால் இது பட்டாளத்துப் பதக்கமே கிடையாது. தபால் சுமந்தவருக்கும், ஜெயில் வார்டருக்கும், கப்பல் கட்டும் துறையில் உழைத்தவருக்கும், ஆபீஸ் வாசலில் நின்ற டவாலிக்கும், ஓய்வுபெறும் நேரத்தில் பிரிட்டிஷ் அரசு கொடுத்த சிவில் பதக்கம். பெயர் இம்பீரியல் சர்வீஸ் மெடல்.

இந்தப் பதக்கத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அந்தக் காலத்து அரசாங்கம் கலெக்டர்களைப் பற்றியும் நீதிபதிகளைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதி வைத்தது, ஆனால் முப்பது வருடம் வெயிலில் நடந்து கடிதம் கொடுத்த மனிதரின் பெயர் எங்காவது அச்சில் வந்திருக்கிறதா என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. இந்தப் பதக்கத்தில் அந்தப் பெயர் வெள்ளியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதனால் இதை யார் கையில் எடுத்தாலும் முதலில் பெயரைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். புதிதாக வருகிறவர்கள் எங்கிருந்து தொடங்குவது, எதை எதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, பெயர் கிடைத்தால் அந்த மனிதரை எப்படித் தேடுவது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி

1902 ஆகஸ்ட் 8 அன்று ஏழாம் எட்வர்டு மன்னர் 'இம்பீரியல் சர்வீஸ் ஆர்டர்' என்ற விருதை ஏற்படுத்தினார். பேரரசு முழுவதிலும் சிவில் வேலையில் இருந்த நிர்வாக, எழுத்தர் பிரிவினருக்கானது அது. பொதுவாக 25 வருட சேவை வேண்டும். இந்தியாவில் வேலை பார்த்தவர்களுக்கு இருபதரை வருடம் போதும், உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத இடங்கள் என்று அரசு ஒத்துக்கொண்ட ஊர்களில் 16 வருடம் போதும். பெண்களுக்கும் அதைக் கொடுக்கலாம் என்று 1908-ல் முடிவானது. வாங்கியவர் தன் பெயருக்குப் பின்னால் ஐ.எஸ்.ஓ. என்று போட்டுக்கொள்ளலாம். 1993-ல் விருது முறையைச் சீர்திருத்தியபோது பிரிட்டன் இதைக் கொடுப்பதை நிறுத்திவிட்டது.

அந்த ஆர்டரின் விதிகளுக்கு உள்ளேயே, அதே நாளில் பிறந்ததுதான் மெடல். ஆர்டருக்குத் தகுதியில்லாத கீழ்நிலைப் பணியாளர்களுக்காக. பெயருக்குப் பின்னால் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்ட ஐ.எஸ்.ஓ.காரர்களை அந்தக் கால ஆவணங்களில் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். மெடல் வாங்கியவர்களைத்தான் நாம் மெனக்கெட்டுத் தேட வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

துலக்காதீர்கள்

இதுதான் முதல் படி. எதையும் செய்யாமல் இருப்பதுதான் படி என்றால் விசித்திரமாக இருக்கும், ஆனால் அதிகம் பேர் கெடுத்துக்கொள்வது இங்கேதான். கறுத்த வெள்ளியைப் பார்த்ததும் நம் கை விபூதியையோ புளியையோ தேடிப் போகும், இல்லாவிட்டால் வெள்ளிக் கடையில் கொடுத்துப் பாலிஷ் போடச் சொல்வோம். வேண்டாம். காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் மெல்லிய படலம்தான் அந்தக் கறுப்பு. அதைத் தேய்த்து எடுக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெள்ளியும் சேர்ந்தே போகிறது. முதலில் தேய்வது மேடான இடங்கள், அதாவது ராஜாவின் கன்னம், மூக்கு நுனி, பின்பக்கத்து ஆளின் முழங்கால். அதைவிட மோசமாக, விளிம்பில் இருக்கும் பெயரின் கூர்மை போய்விடும். பதக்கம் பளபளக்கும், ஆனால் யாருடையது என்று படிக்க முடியாது.

எடுக்கும்போது பருத்திக் கையுறையோ மருத்துவக் கையுறையோ போட்டுக்கொள்ளுங்கள். நாணயம் சேகரிக்கிறவர்கள் 'விளிம்பைப் பிடித்து எடு' என்று சொல்லிக் கொடுப்பார்கள், அது நாணயத்துக்குச் சரி. இங்கே விளிம்பில்தான் பெயரே இருக்கிறது, விரல் வியர்வை நேராக அதன் மேல்தான் படியும். கீழே ஒரு மெத்தென்ற துணியை விரித்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். தூசி இருந்தால் மென்மையான தூரிகையால் தட்டிவிட்டால் போதும்.

வடிவத்தைப் பாருங்கள்

இரண்டு வடிவங்கள் உண்டு, இரண்டையும் பிரிக்கும் வருடம் 1920.

1902 முதல் 1920 வரை கொடுத்தது வட்டமாக இருக்காது. ஆண்களுக்கு ஏழு முனை கொண்ட வெண்கல நட்சத்திரம், நடுவில் வெள்ளி வட்டம், அந்த வட்டத்தில் மன்னரின் பெயரெழுத்துச் சின்னமும் அதைச் சுற்றி விசுவாச சேவை வாசகமும். நட்சத்திரத்தின் மேல்முனையை மகுடம் மறைத்திருக்கும், அதனால் எண்ணிப் பார்த்தால் ஆறு முனைதான் தெரியும். பெண்களுக்கு நட்சத்திரத்துக்குப் பதிலாக இலை வளையம், ரிப்பனும் பட்டாம்பூச்சி போல முடிச்சுப் போட்டதாக இருக்கும். இதே அமைப்பில் உடல் வெள்ளியும் நடு வட்டம் தங்கமுமாக இருந்தால் உங்கள் கையில் இருப்பது மெடல் அல்ல, ஐ.எஸ்.ஓ. ஆர்டர். வெண்கலமா வெள்ளியா என்று கறுப்பு ஏறிய பொருளில் சட்டென்று தெரியாது, பகல் வெளிச்சத்தில் ஓரங்களையும் பின்புறத்தையும் பாருங்கள், தேய்ந்த இடத்தில் உண்மையான நிறம் எட்டிப் பார்க்கும்.

1920-க்குப் பிறகு வந்ததெல்லாம் வட்ட வடிவ வெள்ளிப் பதக்கம், குறுக்களவு 32 மில்லிமீட்டர். நம் வீடுகளில் கிடைப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

ராஜா பக்கம் எதைச் சொல்கிறது

வட்டப் பதக்கத்தின் முன்பக்கத்தை வைத்து எந்தக் காலத்தது என்று ஓரளவு துல்லியமாகவே சொல்லிவிடலாம். தாடியுள்ள முகம் ஐந்தாம் ஜார்ஜ். அவருடையதிலேயே இரண்டு வகை உண்டு. முதலில் வந்ததில் நாணயங்களில் இருப்பது போல மகுடமில்லாத தலை மட்டும், பிறகு 1930-களில் மகுடமும் அரச அங்கியும் தரித்த உருவம். தாடியில்லாமல் மழித்த முகம் ஆறாம் ஜார்ஜ், 1937 முதல் 1952 வரை. அதற்குப் பின் இரண்டாம் எலிசபெத்.

ஆறாம் ஜார்ஜ் பதக்கத்தில்தான் நமக்கு வேண்டிய ஒரு நல்ல துப்பு இருக்கிறது. தலையைச் சுற்றி லத்தீனில் பட்டங்கள் ஓடும். அந்த எழுத்துகளின் முடிவில் 'இண்டியே இம்ப்' என்று வந்தால் அவர் 'இந்தியாவின் சக்கரவர்த்தி'யாக இருந்த காலத்துப் பதக்கம். சுதந்திரத்துக்குப் பிறகு, 1948 ஜூன் 22 அன்றைய பிரகடனத்தோடு அந்தப் பட்டம் கைவிடப்பட்டது. அதற்குப் பிறகு தயாரித்த அச்சில் அந்த இடத்தில் 'ஃபிட் டெஃப்' என்று வரும், அதாவது மதக்காவலர். ஆக, ஒரே முகம் இருந்தாலும் கடைசி இரண்டு சொற்களை லென்ஸில் படித்தால் 1948-க்கு முந்தையதா பிந்தையதா என்று தெரிந்துவிடும். எலிசபெத் காலத்திலும் ஆரம்பத்தில் வந்தவற்றில் பழைய நீளமான பட்டமும், சில வருடங்களில் சுருங்கிய பட்டமும் உண்டு.

ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம். பதக்கம் ஓய்வின்போதுதான் கிடைக்கும். 1938-ல் வாங்கியவர் ஆறாம் ஜார்ஜ் முகத்தோடு வாங்கியிருப்பார், ஆனால் அவர் உழைத்த காலத்தின் பெரும்பகுதி ஐந்தாம் ஜார்ஜ் காலமும், ஒருவேளை ஏழாம் எட்வர்டு காலமும்தான். கணக்கு இப்படிப் போடுங்கள்: ஓய்வு 1932 என்றால், 25 வருட சேவை என்று வைத்துக் கழித்தால் 1907 வாக்கிலோ அதற்கு முன்போ வேலைக்குச் சேர்ந்திருப்பார், ஓய்வு வயதை ஏறத்தாழ 55-லிருந்து 60 என்று வைத்துக்கொண்டால் பிறந்தது 1870-களில். குடும்பத்தில் இந்த வயதுக்கு யார் பொருந்துகிறார்கள் என்று பார்த்தால், 'தாத்தா' என்று நினைத்தது கொள்ளுத்தாத்தாவாக இருக்கக்கூடும்.

விளிம்பைப் படியுங்கள்

இதற்கு அவசரப்படாதீர்கள். வட்டப் பதக்கத்தில் பெயர் விளிம்பைச் சுற்றி, ஆங்கிலப் பெரிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நகைக்கடைக்காரர் கண்ணில் மாட்டுவாரே அதே வகை. அறையின் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, ஒரு சின்ன டார்ச்சை விளிம்புக்குக் கிட்டத்தட்ட இணையாகச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து தெரியாது, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்து மேலெழுந்து வரும். பதக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு படம் எடுங்கள். பிறகு படங்களை வரிசையாக வைத்துப் படியுங்கள். சந்தேகமான எழுத்துகளுக்கு இரண்டு மூன்று சாத்தியங்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை முடிவு செய்து மற்றதை மறந்துவிட்டால் பிறகு கெஸட்டில், அதாவது அரசிதழில், தேடும்போது ஆள் கண்ணில் படாமலே போய்விடுவார்.

விளிம்பில் எழுத்தே இல்லை என்றால்? இரண்டு காரணம் இருக்கலாம். வருடக்கணக்கில் துலக்கித் துலக்கித் தேய்ந்திருக்கலாம். அல்லது யாரோ வேண்டுமென்றே அரத்தால் ராவி எடுத்திருக்கலாம், விற்பனைச் சந்தையில் இது நடக்கிறது. வெர்னியர் காலிப்பரை வைத்து நாலைந்து இடத்தில் குறுக்களவு எடுங்கள். எல்லாப் பக்கமும் 32-ஐ ஒட்டி வந்தால் பயமில்லை, ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் அங்கே ஏதோ செய்திருக்கிறார்கள். பழைய பெயரை அழித்துப் புதுப் பெயர் பொறித்ததும் இப்படித்தான் மாட்டும். எழுத்தைச் சுற்றி விளிம்பு மட்டும் பளிச்சென்று, மற்ற இடமெல்லாம் பழைய கறுப்போடு இருந்தால் கட்டாயம் சந்தேகப்படுங்கள்.

ரிப்பன்

அகலத்தில் சம அளவு மூன்று பட்டை: இரு ஓரமும் கருஞ்சிவப்பு, நடுவில் நீலம். ஆர்டருக்கும் மெடலுக்கும் ஒரே ரிப்பன்தான். ரிப்பனை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். துணி மக்கிப்போய் யாரோ வேறு ரிப்பன் மாட்டியிருக்கலாம். ஆனால் பழையது கந்தலாக இருந்தாலும் தூக்கிப் போடக் கூடாது, அதுவும் அந்த மனிதரின் சட்டையில் இருந்ததுதான்.

எதோடெல்லாம் குழம்புகிறது

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது ஸ்பெஷல் கான்ஸ்டபுலரி லாங் சர்வீஸ் மெடல். 1919-ல் பிரிட்டனில் ஏற்பட்டது, சம்பளம் வாங்காமல் துணைப் போலீஸாக வேலை பார்த்தவர்களுக்கானது. அதன் பின்பக்க வாசகமும் 'ஃபார் ஃபெயித்ஃபுல் சர்வீஸ்' என்றுதான் ஆரம்பிக்கிறது, அதோடு நிறுத்திவிட்டால் தப்பாகப் போகும். முழுதும் படித்தால் ஸ்பெஷல் கான்ஸ்டபுலரி என்று தொடரும், உலோகமும் வெண்கலம், உட்கார்ந்த மனிதரும் கிடையாது.

அடுத்து கைசர்-இ-ஹிந்த். விக்டோரியா ராணி 1900-ல் ஏற்படுத்தியது, முட்டை வடிவம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்று தரம். இந்தியாவில் பொதுநலப் பணி செய்தவர்களுக்குக் கொடுத்தது. மருத்துவமனை நடத்தியவர், பஞ்ச நிவாரணம் செய்தவர் என்று அந்த வரிசை போகும். காந்திக்கு தென்னாப்பிரிக்காவில் செய்த சேவைகளுக்காக அதில் தங்கம் கொடுத்தார்கள், 1920-ல் அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். நீண்ட கால உத்தியோகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

'லாங் சர்வீஸ் அண்ட் குட் காண்டக்ட்' என்று இருந்தால் பெரும்பாலும் ராணுவம், இல்லாவிட்டால் சீருடைப் பணி. இந்தியப் படைவீரர்களுக்கென்று 1888-ல் அப்படி ஒன்று வந்தது. இலங்கை, மலாயா போன்ற காலனிகளின் போலீஸ்காரர்களுக்கு 1934-ல் காலனியல் போலீஸ் லாங் சர்வீஸ் மெடல் வந்தது, 18 வருட அப்பழுக்கற்ற சேவைக்கு. 25, 30 வருடம் ஆனால் ரிப்பனில் கூடுதல் பட்டை கோர்ப்பார்கள். தாத்தா மலாயாவில் போலீஸில் இருந்தார் என்று வீட்டில் பேச்சு இருந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

ராவ் சாஹிப், ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்களுக்கும் தனித்தனி வில்லைகள் உண்டு, அதில் பட்டத்தின் பெயரே எழுதியிருக்கும், அதனால் குழப்பம் வராது. 1911 தில்லி தர்பார், 1935 வெள்ளிவிழா, 1937 முடிசூட்டு விழாப் பதக்கங்கள் நிகழ்ச்சி நினைவாகக் கொடுத்தவை, அவற்றில் சேவைக் காலக் கணக்கே இல்லை.

மற்ற நாட்டுப் பதக்கம் ஏதாவது கையில் வந்தால், அங்கேயும் இதே வழக்கம் இருந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெல்ஜியம் 1867-ல் ஏற்படுத்திய சிவில் விருதில் 35 வருடத்துக்குச் சிலுவை, 25 வருடத்துக்குப் பதக்கம். ஆஸ்திரியாவில் ஃபிரான்ஸ் ஜோசப் மன்னர் 1898-ல் நாற்பது வருட விசுவாச சேவைக்கென்று ஒன்று கொண்டுவந்தார். ஜெர்மனியில் ஹிட்லர் அரசு 1938-ல் 25 வருடத்துக்கும் 40 வருடத்துக்கும் ஸ்வஸ்திகா பொறித்த சிலுவைகளைக் கொடுத்தது. அவற்றை வாங்கவோ காட்சிக்கு வைக்கவோ நினைத்தால் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஜெர்மனியில் அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவது குற்றம். எனக்கு மிகவும் பிடித்தது ஸ்வீடன் முறை: 1803-ல் தொடங்கி இன்றும் நடக்கிறது. 30 வருடம் அரசு வேலை பார்த்தவர் தங்கப் பதக்கம், கைக்கடிகாரம், கண்ணாடிக் கலைப்பொருள் இவற்றில் தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

பெயர் கிடைத்துவிட்டது, இனி ஆளைத் தேடுவோம்

இங்கேதான் உண்மையான வேலை. இம்பீரியல் சர்வீஸ் மெடல் வாங்கியவர்களின் பெயர்கள் லண்டன் கெஸட் என்ற பிரிட்டிஷ் அரசிதழில் வெளியாயின. அதன் பழைய இதழ்கள் முழுவதும் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, தேடலாம், பக்கத்தைத் தரவிறக்கியும் வைத்துக்கொள்ளலாம். ஒரு தபால்காரரின் பெயர் மன்னரின் அரசிதழில் அச்சாகியிருப்பதைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் பெயரை அப்படியே தட்டினால் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நம் பெயர்களை அன்றைய குமாஸ்தாக்கள் கேட்டபடி எழுதினார்கள். கோவிந்தசாமி என்ற ஒரு பெயரே கடைசியில் ஐ, ஒய் என்று மாறி மாறி வரும், நடுவில் டபிள்யூ சேர்ந்தும் சேராமலும் வரும். முதலியார் 'மூடெல்லி'யாக இருக்கும். பிள்ளை, செட்டி எல்லாவற்றுக்கும் நாலைந்து எழுத்துக்கூட்டல் உண்டு. இதற்கு மேல், கெஸட் பக்கங்களைக் கணினி படித்து எழுத்தாக மாற்றியதில் வேறு பிழைகள் இருக்கும், மங்கிய அச்சில் 'என்'னை 'யூ' என்று எடுத்திருக்கும்.

அதனால் தேடும் முறையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் ராஜா பக்கத்தை வைத்து நீங்கள் கணித்த வருடங்களைத் தேதி வரம்பாகக் கொடுங்கள். தேடுசொல்லாகப் பெயரைக் கொடுக்காமல் பதக்கத்தின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில், மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். வரும் பக்கங்களில் பிரிட்டிஷ் உள்நாட்டுப் பட்டியல்களை விட்டுவிட்டு, இந்திய நிர்வாகத்தை லண்டனிலிருந்து கவனித்த இந்தியா ஆபீஸ் வழியாக வந்த பட்டியல்களைக் கண்ணால் படியுங்கள். இலங்கை, மலாயா என்றால் காலனி அலுவலகம் வழியாக வந்தவை. நேரம் ஆகும்தான். ஆனால் கணினி தவறவிட்ட பெயரைக் கண் பிடித்துவிடும், அதோடு பக்கத்து வரிகளில் அதே துறையில் வேலை பார்த்த மற்றவர்களும் இருப்பார்கள்.

பெயருக்கு அடுத்து 'லேட் போஸ்ட்மேன்' போல ஒரு பதவி இருந்தால் காலமானவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர் என்றுதான் அர்த்தம். பதவி, அலுவலகம், மாகாணம் மூன்றையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தேடலுக்கு இந்த மூன்றும்தான் சாவி.

கெஸட்டுக்கு அப்பால்

மெட்ராஸ் மாகாணத்து ஆள் என்றால் எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். 1909-ல் மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸாக எழுந்த இடம் அது. அங்கே அரசாணைகள் துறைவாரியாக, தேதி, எண் வரிசையில் இருக்கும். பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் யாராலும் எடுத்துக் கொடுக்க முடியாது. துறையும் வருடமும் தெரிந்து போனால், அந்த வருட அட்டவணையில் பதக்கத்தின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். மாகாண அரசின் ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெஸட்டையும் கேளுங்கள். 'ஹிஸ்டரி ஆஃப் சர்வீசஸ்' என்ற தொகுதிகளை யாராவது சொல்வார்கள், நல்ல தொகுதிகள்தான், ஆனால் அவை பெரும்பாலும் கெஸட்டட் அதிகாரிகளுக்கானவை. தபால்காரரையும் டவாலியையும் அதில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தபால், தந்தி, சுங்கம் போன்றவை மத்திய அரசின் கீழ் இருந்த துறைகள். அவற்றின் கோப்புகளுக்கு தில்லியில் இருக்கும் இந்திய தேசிய ஆவணக் காப்பகம். நேரில் போகும் முன் அவர்களுடைய 'அபிலேக் படல்' இணையதளத்தில் தேடிப் பாருங்கள், மின்னுருவாக்கிய கோப்புகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் இருக்கின்றன, 1947 வரையிலான லண்டன் பக்கத்துக் கடிதப் போக்குவரத்து அங்கேதான்.

இலங்கையில் வேலை பார்த்தவர் என்றால் கொழும்பில் தேசிய ஆவணக் காப்பகம், அங்கே சிலோன் அரசிதழ் வரிசை உண்டு. மலாயா, சிங்கப்பூர் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய செய்தித்தாள்களை 'நியூஸ்பேப்பர் எஸ்ஜி' என்ற தளத்தில் இலவசமாகத் தேடும்படி வைத்திருக்கிறது. அந்தக் காலத்து மலாயாப் பத்திரிகைகள் பதக்கம் வழங்கிய செய்திகளையும் ஓய்வுபெறும் ஊழியர்களின் பிரிவுபசார விழாக்களையும் போடுவதுண்டு. பெயர் எழுத்துக்கூட்டல் தொல்லை அங்கேயும் இருக்கிறது, அதே தந்திரத்தைப் பயன்படுத்துங்கள்.

இதற்கெல்லாம் நடுவில் வீட்டையே மறந்துவிடக் கூடாது. அதே பெட்டியில் பென்ஷன் புத்தகம், சர்வீஸ் ரெஜிஸ்டர் நகல், இலாகாவிலிருந்து வந்த ஒரு கடிதம், பதக்கத்தோடு வந்த சின்னப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காகிதத்தை எரித்துவிட்டு வெள்ளியை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் காகிதம்தான் முக்கியம். வயதான உறவினர்களிடம் "மெடல் வாங்கினாரா?" என்று மட்டும் கேட்டால் "தெரியாது" என்றுதான் பதில் வரும். "எந்த ஆபீஸ்ல இருந்தாரு, எந்த ஊருக்கு மாத்தினாங்க, பென்ஷன் எங்க போய் வாங்குவாரு பெரியம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். ஊர் கிடைக்கும், ஆபீஸ் கிடைக்கும், ஆவணக் காப்பகத்தில் தேடுவதற்கு ஒரு பிடி கிடைத்துவிடும்.

எப்படி வைத்திருப்பது

விலை மலிந்த பிளாஸ்டிக் உறைகளில் பிவிசி இருக்கும், அது நாளாக ஆகப் பிசுபிசுத்து உலோகத்தின் மேல் பச்சையாகப் படியும். அதில் போடாதீர்கள். ரப்பர் பேண்ட் சுற்றாதீர்கள், ரப்பரில் கந்தகம் இருக்கிறது. செய்தித்தாளில் மடிக்காதீர்கள். அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, ஒரு சின்ன சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய அட்டைப் பெட்டியில் வைத்தால் போதும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட விரும்பினால் பசை போட்டு ஒட்டக் கூடாது, வெயில் படும் சுவரும் வேண்டாம், ரிப்பனின் சிவப்பு வெளுத்துவிடும்.

கூடவே ஒரு தாளில் பெயர், பதவி, கெஸட் தேதி, பக்க எண், பதக்கம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எழுதி அதே பெட்டியில் வையுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள், அடுத்து திறக்கப்போகிறவர் எதைப் படிப்பார் என்று நமக்குத் தெரியாது.

வாங்கவோ விற்கவோ நினைத்தால்

விற்பவர் விளிம்பின் படத்தை அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள். முன்பக்கம் பின்பக்கம் படம் எத்தனை அழகாக இருந்தாலும் சரி, பெயர் தெரியாமல் இந்தப் பதக்கத்தை வாங்குவதில் அர்த்தமில்லை. ஒரே ஆளின் பல பதக்கங்கள் சேர்ந்து கிடைத்தால் அவற்றைப் பிரிக்காதீர்கள். வெள்ளி விலைக்கு உருக்கக் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். அந்த மனிதரைப் பற்றி மிஞ்சியிருக்கும் ஒரே எழுத்துச் சான்று அதுவாகவே இருக்கலாம்.

இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க: 1972-ன் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி நூறு வருடம் கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருள்கள் தொல்பொருளாகக் கருதப்படும், அவற்றைத் தனியாட்கள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1920-க்கு முந்தைய நட்சத்திர வகை எல்லாமே இந்த வயதைத் தாண்டிவிட்டது, ஆரம்ப கால வட்டப் பதக்கங்களும் ஒவ்வொன்றாக அந்த வரம்புக்குள் வந்துகொண்டிருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கோ அக்காவுக்கோ கூரியரில் அனுப்பலாம் என்று கிளம்புவதற்கு முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அதுவரை விளிம்பின் படங்களையும் கெஸட் பக்கத்தையும் அனுப்பி வையுங்கள், தேடலில் அவர்களும் சேர்ந்துகொள்ள அது போதும்.